பைக்கோடு நாடு தாண்ட என்ன காகிதம் வேண்டும்? குமரியிலிருந்து கிளம்புபவர்களுக்கு கார்னே பற்றிய விளக்கம்

ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் வந்து முடிகிறது. வடக்கிலிருந்து பைக்கில் வருபவர்களுக்கு இதுதான் கடைசி ஊர். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கோ இங்கிருந்துதான் பயணமே தொடங்குகிறது. லடாக், நேபாளம் என்று போய் வந்தவர்கள் இப்போது ஓமன், ஈரான், துருக்கி, அப்படியே லண்டன் என்று பேசுகிறார்கள். பாஸ்போர்ட், விசா பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பைக்குக்கு என்ன காகிதம் வாங்க வேண்டும் என்று வரும்போதுதான் குழப்பம். ஆர்டிஓ ஆபீஸில் ஏதோ பெர்மிட் தருவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை.

வேண்டியது கார்னே. முழுப் பெயர் கார்னே த பசாஜ் ஆன் துவான். பைக்கோ காரோ ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகத்தான் வருகிறது, திரும்பப் போய்விடும், போகாவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று அந்த நாட்டுச் சுங்கத்துறைக்கு ஒரு அமைப்பு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. இதைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் பேங்க் கேரண்டி, முத்திரை, கெடு எல்லாம் ஏன் இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

சுங்கத்துறைக்கு என்ன கவலை?

வெளிநாட்டு பைக் ஒன்று நாட்டுக்குள் வந்தால் அது இறக்குமதி. இறக்குமதிக்கு வரி உண்டு. இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாகத் தயாரித்து இறக்குமதியாகும் 1600 சிசிக்கு உட்பட்ட பைக்குகளுக்கு 50 சதவீதமாக இருந்த சுங்க வரியை 2025 பட்ஜெட்டில் 40 ஆக்கினார்கள். குறைத்த பிறகும் இவ்வளவு. சில நாடுகளில் வண்டியின் விலையைவிட வரி அதிகம். அப்படியானால், "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லி பைக்கை உள்ளே கொண்டுபோய் விற்றுவிட்டு விமானத்தில் திரும்பினால் நல்ல லாபம். சுங்கத்துறை பயப்படுவது இதற்குத்தான்.

களியக்காவிளை வழியாக லாரி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, ஒரு மாநிலத்தைக் கடந்து போகும் சரக்குக்கு உள்ளே நுழையும் செக்போஸ்ட்டில் டிரான்சிட் பாஸ் வாங்க வேண்டும். வெளியேறும் செக்போஸ்ட்டில் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் சரக்கை அந்த மாநிலத்திலேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். கார்னேயும் அதே கணக்குதான். ஆனால் இங்கே உங்களுக்குப் பின்னால் ஒரு ஜாமீன்தாரும் நிற்கிறார்.

ஜாமீன் சங்கிலி

வாகனங்களின் தற்காலிக இறக்குமதிக்காக 1954-இல் நியூயார்க்கில் ஐ.நா. ஆதரவில் ஒரு சுங்க உடன்படிக்கை உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. அதன்படி இந்தச் சங்கிலி இப்படிப் போகிறது:

1. ஈரானில் நுழைந்த உங்கள் பைக் வெளியேறியதற்குப் பதிவு இல்லை என்றால், ஈரான் சுங்கத்துறை அந்த நாட்டிலுள்ள ஆட்டோமொபைல் கிளப்பிடம் வரி கேட்கும். உங்களைத் தேடி நாகர்கோவிலுக்கு யாரும் வரப்போவதில்லை.
2. அந்தக் கிளப், எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் ஏற்பாட்டின் கீழ், உங்களுக்குக் கார்னே கொடுத்த இந்தியக் கிளப்பிடம் கேட்கும்.
3. கார்னே வாங்கும்போது நீங்கள் கொடுத்த பேங்க் கேரண்டியில், அதாவது உங்கள் சார்பில் வங்கி எழுதித் தரும் பண உத்தரவாதத்தில், இந்தியக் கிளப் கைவைக்கும்.

ஆக, பணம் கடைசியில் உங்களுடையதுதான். கிளப் இடையில் நிற்கிறது, அவ்வளவே.

ஒரு தாளில் மூன்று துண்டு

கார்னே ஒரு புத்தகம். 5, 10, 25 தாள் என்று வரும். போகும் நாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வாங்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு முறை நுழைந்தால் இரண்டு தாள் செலவாகும். ஓமனிலிருந்து அமீரகம் போய் மறுபடி ஓமன் வர நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதிகள். கீழே இருப்பது நுழைவுச் சீட்டு, நடுவில் இருப்பது வெளியேறும் சீட்டு, மேலே இருப்பது புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டை. நுழையும்போது அதிகாரி கீழ்ச் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு அடிக்கட்டையில் ஒரு முத்திரை போடுவார். வெளியேறும்போது நடுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் இரண்டாவது முத்திரை. பயணம் முடிந்த பிறகு உங்கள் கையில் இருப்பது, ஒவ்வொன்றிலும் இரண்டு முத்திரை உள்ள அடிக்கட்டைகள் மட்டும்தான். அதுதான் உங்கள் ஆதாரம்.

எல்லையில் நள்ளிரவு, மழை, நீண்ட வரிசை, பாஸ்போர்ட்டில் எக்ஸிட் ஸ்டாம்ப் விழுந்ததும் கிளம்பிவிடத் தோன்றும். பாஸ்போர்ட்டில் முத்திரை போடுவது குடியேற்றத் துறை. கார்னேயில் போடுவது சுங்கத்துறை. இரண்டும் வேறு வேறு ஜன்னல், சில எல்லைகளில் வேறு வேறு கட்டடம். அவசரத்தில் சுங்க ஜன்னலைத் தவறவிட்டால், ஆள் வெளியே வந்துவிட்டார், பைக் இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதான் பதிவு சொல்லும். கிளம்புவதற்கு முன் புத்தகத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: சரியான தாளில் போட்டார்களா, தேதி தெரிகிறதா, நடுச் சீட்டு கிழிக்கப்பட்டிருக்கிறதா. ஐந்து நிமிட வேலை. பல லட்சம் அதில் தொங்குகிறது.

எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

எல்லா நாடும் கார்னே கேட்பதில்லை.

நேபாளத்துக்கு இந்திய பைக் போக கார்னே தேவையில்லை. சுனௌலி போன்ற எல்லையில் 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி எடுத்தால் போதும். இத்தனை நாள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு உண்டு. சீட்டில் எழுதிய நாளைத் தாண்டினால் அபராதம். பூட்டானுக்கும் கார்னே வேண்டாம், புன்ஷோலிங்கில் வண்டிக்கு அனுமதி எடுத்துப் போகலாம். இந்த இரண்டும் சுலபமாக முடிவதால்தான், மற்ற நாடுகளும் இப்படித்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

வங்கதேசமும் இலங்கையும் கார்னே கேட்கும் நாடுகள். இலங்கை நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பைக்கோடு போவது கடினம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, ஆனால் அது பயணிகளுக்கானது. பைக் சரக்காகத்தான் போக வேண்டும்.

தரைவழியில் மேற்கே போக இயல்பான பாதை பாகிஸ்தான். அங்கும் கார்னே வேண்டும். ஆனால் பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் அட்டாரி வழியை இந்தியா மூடிவிட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் போவது 2020-இல் கொரோனாவோடு நின்றது. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் பழைய நிலை திரும்பவே இல்லை. வடக்கே சீனா கார்னேயை ஏற்காது. அங்கே வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக உரிமம் என்று தனி முறை, செலவும் அதிகம். தாய்லாந்து 2016 முதல் டூர் ஏஜென்ட் மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்கிறது.

எனவே இந்திய ரைடர் பெரும்பாலும் பைக்கைக் கப்பலில் ஏற்றி வளைகுடாவில் இறக்கி, அங்கிருந்து ஓட்டத் தொடங்குகிறார். அந்தப் பக்கம் போனால் கார்னே இல்லாமல் நகர முடியாது. ஈரானும் கார்னே கேட்கும் நாடுதான். அங்கே மீன்பிடி வேலைக்குப் போனவர்கள் நம் கடற்கரை ஊர்களில் ஏராளம் என்பதால், ஈரானில் பதற்றம் என்றால் முதலில் கவலைப்படுவது இந்த ஊர்கள்தான். ரைடர்களும் அதே அக்கறையோடு வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். கார்னேயில் நாட்டின் பெயர் இருப்பதால் எல்லை திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டுப் பயணியின் வண்டி ஆறு மாதம் வரை கார்னே இல்லாமல் இருக்கலாம். ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் போன்ற நாடுகள் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிச் சீட்டு எழுதித் தருகின்றன. அதனால் லண்டன் வரை போனாலும், கார்னே தாள் செலவாவது பாதையின் முதல் பாதியில்தான்.

யார் தருகிறார்கள்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள ஆர்டிஓ ஆபீஸ்களுக்கும் கார்னேக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே வாங்க வேண்டியது சர்வதேச ஓட்டுநர் உரிமம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது நீங்கள் ஓட்டத் தகுதியானவர் என்பதற்கான சான்று. பைக்கின் வரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

கார்னே தருவது ஆட்டோமொபைல் சங்கங்கள். மும்பையில் இருக்கும் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன்தான் இந்திய ரைடர்களுக்கு நன்கு பழகிய பெயர். 1919-இல் தொடங்கிய சங்கம் அது. சென்னையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சதர்ன் இந்தியா இருக்கிறது. பக்கத்தில் முடியுமானால் நல்லதுதான். எந்தச் சங்கமானாலும், போகும் நாடுகளின் பட்டியலைச் சொல்லி, பைக்குக்கு இப்போது கார்னே தருகிறார்களா, எவ்வளவு கேரண்டி கேட்பார்கள் என்று முதலில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட், கப்பல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இணையத்தில் கார்னே என்று தேடினால் ஃபிக்கி என்ற வர்த்தக அமைப்பின் பெயர் வரும். அவர்கள் தருவது ஏடிஏ கார்னே. கண்காட்சிக்கு எடுத்துப்போகும் சரக்கு, படப்பிடிப்புக் கருவி போன்றவற்றுக்கானது. சுற்றுலா பைக்குக்கு அது உதவாது.

பணம்: இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்

செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் கட்டணம், கார்னே புத்தகக் கட்டணம் ஆகியவை திரும்பாத பணம். பேங்க் கேரண்டி திரும்பி வரும் பணம். ஆனால் அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

கேரண்டித் தொகை பைக்கின் மதிப்பையும், பட்டியலில் உள்ள நாடுகளில் எந்த நாட்டின் வரி அதிகமோ அதையும் பொறுத்தது. கணக்குக்காக ஒன்று பார்ப்போம். பைக்கின் மதிப்பு 2 லட்சம் என்றும், பட்டியலில் ஒரு நாட்டுக்காக 200 சதவீதம் கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கேரண்டி 4 லட்சம். வரி அதிகமுள்ள அந்த ஒரு நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தால் தொகை பாதியாகக்கூட ஆகலாம். அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று போகாத நாட்டையெல்லாம் சேர்ப்பது வீண்.

தனிநபருக்கு வங்கி சும்மா கேரண்டி கொடுத்துவிடாது. பெரும்பாலும் அதே தொகைக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போடச் சொல்லி, அதைப் பிணையாக முடக்கிவைத்து, கமிஷனும் எடுத்துக்கொள்ளும். டெபாசிட்டுக்கு வட்டி வரும், ஆனால் எடுக்க முடியாது. கேரண்டி எந்த வாசகத்தில் இருக்க வேண்டும் என்று சங்கம் ஒரு மாதிரி கொடுக்கும். அதிலிருந்து ஒரு வரி மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்க் கிளைகளில் கடைக்காரர், கான்ட்ராக்டர் கேரண்டிதான் பழக்கம், இது புதிது. எனவே மாதிரியை முதலிலேயே மேலாளரிடம் காட்டி, அவர் மேலிடத்தில் ஒப்புதல் வாங்க நேரம் கொடுங்கள்.

நகையை அடகு வைத்து இந்த டெபாசிட்டைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். கார்னேயின் ஆயுள் ஓராண்டு. உடன்படிக்கையின்படி, சரியாக முடிக்கப்படாத கார்னேக்கு அது காலாவதியான பிறகும் ஓராண்டு வரை சுங்கத்துறை உரிமை கோர முடியும். ஒரு முத்திரையில் சிக்கல் என்றால் உங்கள் பணம் இரண்டாண்டுக்கு மேல் முடங்கலாம். நகை வட்டி அதுவரை காத்திருக்காது.

சேஸ் நம்பரும் எச்.பி.யும்

கார்னேயின் முகப்பில் பைக்கின் முழு அடையாளமும் எழுதப்படும்: பதிவு எண், தயாரித்த ஆண்டு, சேஸ் நம்பர், என்ஜின் நம்பர், சிலிண்டர் எண்ணிக்கை, நிறம், எடை, மதிப்பு, கூடக் கொண்டுபோகும் ஸ்பேர் டயர் வரை. ஆர்.சி.யில் இருப்பதும் கார்னேயில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது.

இங்கே நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. பல பைக்குகளில் சேஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்திருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்த இடம் துருப்பிடித்து, ஒரு 8 எது, 3 எது என்றே தெரியாது. துருவை மறைக்க அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவதும் நடக்கிறது. ஊரில் ஓட்டும்போது யாரும் பார்ப்பதில்லை. எல்லைச் சுங்க அதிகாரி டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். விண்ணப்பிக்கும் முன்பே அதை மெதுவாகச் சுத்தம் செய்து, பென்சில் தேய்த்துப் பிரதி எடுத்துப் பாருங்கள். படிக்க முடியாத அளவு தேய்ந்திருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் பேசித்தான் சரிசெய்ய வேண்டும். நீங்களாக உளி வைத்துப் பொறிக்கக் கூடாது, அது குற்றமாகிவிடும்.

லோனில் வாங்கிய பைக் என்றால் ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி கடனுக்குப் பிணையாக இருக்கிறது என்ற பதிவு, இருக்கும். கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லை என்ற கடிதம்) இல்லாமல் வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடன் முடிந்தும் எச்.பி. ரத்து செய்யாமல் விட்டவர்கள் நிறைய. படிவம் 35-ஐ வாங்கி முதலில் அதை முடியுங்கள். பைக் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால், அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த அங்கீகாரக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் அதை விளக்குவதைவிட, முன்கூட்டியே பெயர் மாற்றிக்கொள்வது நிம்மதி.

இன்சூரன்ஸ் தனிக் கதை. இந்திய பாலிசியை நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் அந்தந்த நாட்டில் எல்லையில் வாங்க வேண்டும்.

துறைமுகத்தில் மறந்துவிடக் கூடாதது

நம் மாவட்டத்துக்கு வசதியான துறைமுகங்கள் தூத்துக்குடியும் கொச்சியும். விழிஞ்ஞம் மார்த்தாண்டத்துக்கு இன்னும் பக்கம், ஆனால் அது பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குப் பெட்டி மாற்றும் துறைமுகமாகத் தொடங்கப்பட்டது. ஒற்றை பைக்கை அங்கே ஏற்ற முடியுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கே ஏற்றினாலும், சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் இல்லாமல் முடியாது. பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றித்தான் பெட்டியில் அடைப்பார்கள்.

அதைவிட முக்கியம், இந்தியாவிலிருந்து வெளியே போகும்போதே நம் சுங்கத்துறை பைக்கை அடையாளம் பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். சுங்கச் சட்டம் 1962-இன் 20-வது பிரிவின்படி, வெளியே போன பொருள் திரும்பி வந்தால் அதுவும் இறக்குமதிதான். இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று நிரூபித்தால்தான் வரிவிலக்கு. போகும்போது எழுதாமல் விட்டால், உங்கள் சொந்த டி.என். 74 பைக்குக்கே திரும்பி வரும்போது வரி கேட்கும் நிலை வரலாம். எனவே ஏஜென்ட்டிடம், "இது திரும்பி வரும் வண்டி, காகிதத்தில் அப்படியே எழுதுங்கள்" என்று முதல் நாளே சொல்லி, ஷிப்பிங் பில்லின் (வெளியே அனுப்பும் பொருளுக்குச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் படிவம்) நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஏதாவது ஆனால்

1. பைக் திருட்டுப்போனால் சுங்கத்துறைக்கு அது வெளியேறாத பைக்தான். உடனே போலீஸில் புகார் கொடுத்து, அந்த ஊர்ச் சுங்கத்துறைக்கும் உங்கள் சங்கத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படியும் வரி கேட்க வாய்ப்பு உண்டு.
2. விபத்தில் நொறுங்கிப்போனால் அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. வண்டியை சுங்கத்துறையிடம் ஒப்படைக்கலாம், அவர்கள் மேற்பார்வையில் அழிக்கலாம், அல்லது வரியைக் கட்டலாம். எதுவானாலும் கார்னேயில் பதிவாக வேண்டும்.
3. பாதி வழியில் உடம்பு முடியாமல் ஊருக்கு வர நேர்ந்தால், பைக்கை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறக் கூடாது. முதலில் சுங்கத்துறையிடம் கேளுங்கள். வளைகுடாவில் சொந்தக்காரர்கள் இருப்பதால் நம்மவர்கள் சுலபமாகச் செய்துவிடும் தவறு இது.
4. கெடு முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே நீட்டிப்புக்குச் சங்கத்திடம் எழுதுங்கள். காலாவதியான கார்னேயை நீட்ட முடியாது.

வளைகுடாவிலிருந்து இங்கே கொண்டுவருபவர்கள்

துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்ப்பவர்கள் அந்த நாட்டு நம்பர் வண்டியை லீவுக்கு ஊருக்குக் கொண்டுவருவதும் இதே கார்னேயில்தான். அதை வேலை பார்க்கும் நாட்டின் கிளப்பிடம் எடுக்க வேண்டும். இந்தியாவில் ஆறு மாதம் வைத்திருக்கலாம். இங்கே விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. வேலையை விட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவருக்கு இந்த வழி பொருந்தாது.

திரும்பி வந்ததும்

கடைசித் தாளில், பைக் இந்தியாவில் இருக்கிறது என்பதற்கான சான்றுப் பகுதி உண்டு. இறங்கும் துறைமுகத்திலேயே சுங்க அதிகாரியிடம் அதில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வழியில் ஏதாவது ஒரு நாட்டின் வெளியேற்ற முத்திரை விடுபட்டிருந்தால், வண்டி அந்த நாட்டுக்கு வெளியே வந்துவிட்டது என்று காட்ட இந்தச் சான்றுதான் கைகொடுக்கும்.

பிறகு எல்லா அடிக்கட்டைகளையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயன்படுத்தாத தாள்களும் சேர்ந்தே போக வேண்டும். அவர்கள் சரிபார்த்து, கேரண்டியை விடுவிக்கும் கடிதத்தைத் தருவார்கள். அந்தக் கடிதத்தையும் அசல் கேரண்டி பத்திரத்தையும் உங்கள் கிளையில் கொடுத்தால்தான் டெபாசிட் மீதான பிடி நீங்கும்.